குதிரைக்கு ஒரு பிஷப்

அக்கா தன் பிஷப்பைக் கொடுத்துவிட்டுத் தம்பியின் குதிரையை எடுத்தாள். நடந்தது அவ்வளவுதான். சதுரங்கம் தெரியாதவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. தெரிந்தவர்களும் கொட்டாவிதான் விடுவார்கள். பிஷப்புக்கும் குதிரைக்கும் விலை ஏறக்குறைய ஒன்று. எங்காவது யாராவது ஒருவர் இந்த நிமிஷமும் ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் இந்த அக்கா அதைச் செய்கிற ஆள் இல்லை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

தம்பிக்கே அறுபது நெருங்குகிறது. மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. கடையிலும் தெருவிலும் அவருக்கு லென்ஸ்காரர் என்றுதான் பெயர். வட்டமாக வருகிற லென்ஸில் மைப்புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி, போட்டுக்கொள்கிறவரின் கண்மணிக்கு நேராக வர வேண்டும். ஒரு நூல் தள்ளினாலும் அந்த ஆளுக்குப் படி இறங்கும்போது தலை சுற்றும். பிறகு மெஷினில் மாட்டி, தண்ணீர் ஓடவிட்டு, ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரத்தைத் தேய்த்தெடுப்பார். சாயங்காலம் அவர் கைவிரல்கள் ஊறிப்போய் வெளுத்திருக்கும்.

மதியம் கடையின் ஷட்டர் பாதி இறங்கியதும், சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன் அக்காவுக்குப் போன் போடுவார். அக்கா வேறு ஊர், மூன்றாவது மாடி வீடு, தனி ஆள். கணவர் போய்ப் பல வருஷமாகிறது. முன்னறையில் தையல் மெஷின் போட்டு, ஜிப் மாற்றுவது, ஓரம் மடித்து அடிப்பது, இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது, பருத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று கை ஓயாத வேலை. இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு சதுரங்கப் பலகை. அவள் தன் ஆட்டத்தைச் சொல்வாள், இவர் தன் பலகையில் அவளுக்காக நகர்த்திவிட்டுத் தன் ஆட்டத்தைச் சொல்வார். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரே ஒரு காய் நகர்த்தல். கடை முதலாளி அந்தப் பலகையின் மேல் டீ டம்ளரை வைக்கப் பார்த்து இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். முதலாளியையே திட்டுகிற துணிச்சல் லென்ஸ்காரருக்கு அந்த ஒரு விஷயத்தில்தான் உண்டு.

அக்காவுக்குப் பிஷப் என்றால் உயிர். நேராகப் போகத் தெரியாத காய் என்பதால், சின்ன வயசிலேயே அதற்கு அவள் 'குறுக்கால போறவர்' என்று பேர் வைத்துவிட்டாள். திட்டுகிற பேராக இருந்தாலும் 'அவர்' என்று மரியாதை தருவாள். 'ரெண்டு குறுக்கால போறவரும் உசுரோட இருக்கற வரைக்கும் எனக்குக் கவலையில்லை' என்பாள். ஒருத்தர் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக்கொள்வார், இன்னொருத்தர் வெள்ளையைப் பார்த்துக்கொள்வார். ஒருத்தரைக் கொடுத்தால் பாதிப் பலகை அநாதை. அதற்குப் பதில் கிடைப்பதோ குதிரை, இரண்டு தாவலுக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிற பிராணி. எத்தனையோ ஆட்டங்களில் லென்ஸ்காரர் தன் குதிரையைக் கொண்டுபோய் அவள் பிஷப்பின் வாயிலேயே வைத்திருக்கிறார். அவள் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை.

இனி அவர் சங்கதி. போன வருஷம் லென்ஸ்காரரின் மனைவி செத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், அவ்வளவுதான். அவர் அழவில்லை. எல்லாரும் நெஞ்சழுத்தக்காரர் என்றார்கள், சிலர் பாராட்டாகவே சொன்னார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவருக்கு எதுவும் தோன்றவில்லை, அதுதான் உண்மை. பசித்தது, சாப்பிட்டார். உப்பு கூடியதா குறைந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தால் வெறும் வீடு. அது வெறும் வீடு என்பது ஒரு தகவல் மாதிரி மனசில் போய் உட்காரும், அதற்கு மேல் அசையாது. வேலை மட்டும் பிசகவில்லை. மனசு இல்லாமலே கை செய்கிற வேலை அது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஆட்டமும் அப்படியே நடந்தது. இந்த முறை பலகையின் நடுவில் இரண்டு தரப்புச் சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. யாருக்கும் வழி இல்லை. அக்கா பின்னால் காய்களைச் சாவகாசமாக இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். லென்ஸ்காரர் மிஞ்சியிருந்த ஒற்றைக் குதிரையை ஆடினார். ஒரு நாள் முன்னே, மறுநாள் பின்னே. மறுபடி முன்னே. அதில் ஆபத்தில்லை, யோசனையும் வேண்டாம். போனில் 'குதிரைதான்' என்றால் அக்காவுக்குப் புரிந்துவிடும். வாரக்கணக்காக அவர் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா மகள் போன் செய்தாள். பிள்ளை பெற்று வளர்த்து ஆளாக்கியவள், ஆனாலும் குடும்பத்துக்கு அவள் இன்னும் பாப்பாதான். அம்மா குழாயைத் திறந்துபோட்டுவிட்டுத் தைக்க உட்கார்ந்துவிட்டாளாம், கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கி, அவர்கள் மேலே ஏறி வந்து சத்தம் போட்டார்களாம். யானைக்கும் அடி சறுக்கும் மாமா, அதை நான் பெரிசாக எடுக்கவில்லை, ஆனால் அடுத்தது அடுப்பாக இருந்தால் என்ன செய்வது என்றாள். தன் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. அம்மா வந்துவிட்டால் மாடி வீட்டை விட்டுவிடலாம். மெஷினுக்கு மட்டும் அங்கே இடம் இல்லை, வாடிக்கைக்காரர்களும் கிடையாது. அம்மாவுக்கு வர இஷ்டமில்லை. பாப்பாவுக்கும் கட்டி இழுத்துக்கொண்டு போக மனசில்லை.

"தினமும் அவங்களோட பேசறது நீங்க ஒருத்தர்தான் மாமா. தடுமாற்றம் ஏதாவது தெரிஞ்சா மறைக்காம சொல்லுங்க. நல்லா இருக்காங்கன்னு நீங்க சொன்னா, நான் அவங்களை அவங்க பாட்டுக்கு விட்டுடறேன்."

லென்ஸ்காரர் சரி என்றார். இத்தனை பெரிய பொறுப்பைத் தலையில் வைத்தார்களே என்று ஒரு மனுஷனுக்கு உறுத்த வேண்டும். அவருக்கு உறுத்தவில்லை. நம்பர் எழுதிய சீட்டைக் கொடுத்து லென்ஸ் தேய்க்கச் சொன்னதுபோல் வாங்கி வைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த சில நாளில் அக்கா அந்த ஆட்டத்தைச் சொன்னாள்.

"உன் குதிரையை எடுத்துக்கறேன்."

"எதால?"

"குறுக்கால போறவராலதான்."

அவர் பலகையைப் பார்த்தார். எடுக்கலாம், விதிப்படி ஒன்றும் தப்பில்லை. அவள் பிஷப் குதிரையைத் தின்றுவிட்டு அங்கேயே நின்றது. இவர் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயால் அதைத் தின்றார். பிஷப் போச்சு, குதிரையும் போச்சு. 'நல்லா பார்த்துத்தான் சொன்னியா?' என்று ஒரு வார்த்தை கேட்டார். பார்த்துத்தான் சொன்னேன், நீ சாப்பிடு என்று அவள் வைத்துவிட்டாள்.

அவர் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே ஒரு கணக்குப் போட்டார். வாழ்நாள் முழுக்கப் பிஷப்பைக் கொடுக்காதவள் இன்று கொடுக்கிறாள். குழாயை மூடாதவள் இன்று பிஷப்பைக் கொடுக்கிறாள். இரண்டும் இரண்டும் நாலு. பலகையில் காய்கள் எப்படி நிற்கின்றன, இந்த இடத்தில் அந்தப் பிஷப்புக்கு வேலை இருந்ததா, குதிரை போனதால் தனக்கு என்ன ஆயிற்று என்று அவர் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எந்த மடையனும் பார்ப்பதை, இத்தனை வருஷம் ஆடிய இந்த மனுஷன் பார்க்கவில்லை. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பாப்பாவுக்குப் போன் செய்தார்.

அம்மா பிஷப்பைக் கொடுத்துவிட்டாள் என்றால் பாப்பாவுக்கு என்ன புரியும்? ஆகவே புரிகிற மாதிரி சொன்னார்.

"அக்கா பழையபடி இல்லம்மா. என்ன செய்யறோம்னு தெரியாம செய்யற மாதிரி இருக்கு."

அவர் சொன்னதில் பொய் இல்லை, அப்படித்தான் நினைத்தார். கவலையும் இல்லை. கவலைப்பட்டிருந்தால் இன்னொரு தரம் யோசித்திருப்பார். நீங்களே சொன்ன பிறகு என்ன இருக்கு மாமா, நான் பார்த்துக்கிறேன் என்றாள் பாப்பா. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். கொட்டியவருக்கு அது கொட்டியதே தெரியவில்லை. மத்தியானம் வந்த அவசர வேலையைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அக்கா ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினாள். ஒன்றுமில்லாத ஆட்டம். 'குதிரைதான்' என்று சொல்ல இவர் வாயைத் திறந்தார். குதிரை இல்லை.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பலகையைக் கூர்ந்து பார்த்தார். யானையை நகர்த்தினால் அது காவல் காத்த சிப்பாய் விழும். இன்னொரு யானையை நகர்த்தினால் ராணிக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. ராணியை நகர்த்தினால் இரண்டு யானையும் போகும். ராஜாவின் முன்னால் இருந்த சிப்பாய்தான் பிஷப்பைத் தின்னப் போய்விட்டதே, அங்கே கதவு திறந்து கிடந்தது. எதைத் தொட்டாலும் விழும், தொடாமலும் இருக்க முடியாது. இத்தனை நாளும் அந்தக் குதிரை ஒன்றுதான் வலியில்லாமல் நகரக்கூடிய காயாக இருந்திருக்கிறது. அக்காவின் பிஷப்போ, சிப்பாய்கள் அடைத்த பலகையில் போக்கிடமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற பிஷப். அதைக் கொடுத்து இதை வாங்கியிருக்கிறாள். இதைவிடச் சரியான வியாபாரத்தை அவர் பார்த்ததில்லை.

அவருக்கு ஏதோ தோன்றியது. அது பயம் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று. பாப்பாவுக்குப் போன் போட்டார். நான் சொன்னது தப்பு, அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள், அந்த ஆட்டத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்றார். எந்த ஆட்டம் மாமா என்றாள் பாப்பா. விளக்கினார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அம்மாவே ஒத்துக்கொண்டாள், வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றுகிறோம், நீங்களும் வந்தால் உதவியாக இருக்கும் என்றாள்.

அவர் முதலாளியிடம் சொல்லிவிட்டு ஞாயிறு வரை காத்திராமல் கிளம்பினார். அக்கா வீட்டில் அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. வாடிக்கைக்காரர்களின் துணிகளுக்குப் பேர் எழுதிய சீட்டுக் குத்தி, திருப்பிக் கொடுக்கத் தனியாக வைத்திருந்தாள். ஒன்றிலும் தடுமாற்றம் இல்லை. பாப்பாவும் வந்திருந்தாள், சமையல் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அக்காவின் பலகை மட்டும் கட்டாமல் ஜன்னலோரம் காய்களோடு இருந்தது.

"என்ன, ஆட்டத்தைச் சொல்ல நேரிலேயே வந்துட்டியா?" என்றாள் அக்கா.

அவர் உட்கார்ந்தார். மனசில் இருந்த திட்டம் எளிமையானது. பாப்பாவுக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் அம்மா ஜெயிப்பது கண்ணுக்குத் தெரியுமல்லவா? கண் முன்னால் ஆடி முடித்துவிட்டால் போதும். ஆடினார்கள். இத்தனை காலத்தில் அவர் அவ்வளவு கவனமாக ஆடியதில்லை. யானையைக் கொடுத்துப் பார்த்தார், ராணியை ஒதுக்கிப் பார்த்தார், ராஜாவை ஓடவிட்டுப் பார்த்தார். அக்கா ஒரு கையால் பித்தானுக்கு நூல் சுற்றிக்கொண்டே மறு கையால் ஆடி, டீ ஆறுவதற்குள் அவரை மூலையில் கட்டிப் போட்டாள்.

"பார்த்தியாம்மா? தலை குழம்பினவங்க ஆடற ஆட்டமா இது?" என்று பாப்பாவிடம் கேட்டார்.

பாப்பா சிரித்தாள். நல்ல பெண், கேலியாகச் சிரிக்கவில்லை.

"நீங்க விட்டுக் கொடுத்திருப்பீங்க மாமா. எனக்குத் தெரியாதா?"

அவள் பெட்டி ஒட்டுகிற டேப் வாங்கக் கீழே போனாள். லென்ஸ்காரர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். தான்தான் பாப்பாவிடம் சொன்னது, பிஷப்பைக் கொடுத்ததை வைத்துச் சொன்னது, பலகையைப் பார்க்காமலே சொன்னது. எனக்குத் தெரியும், பாப்பா சொன்னாள் என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை.

"ஏன்க்கா கொடுத்தே? நீ கொடுக்கவே மாட்டியே."

"நீ அந்தக் குதிரையை வச்சுக்கிட்டு முன்னும் பின்னும் ஆட்டிக்கிட்டே இருந்த. அவ போனதுலேர்ந்து அப்படித்தான் இருக்க. எத்தனை நாளைக்குன்னு பார்த்தேன். அது இருக்கற வரைக்கும் நீ வேற எதையும் தொட மாட்டேன்னு தோணிச்சு. எடுத்துட்டா ஏதாவது ஒண்ணு செஞ்சுதானே ஆகணும்."

அவளுக்கு இருந்தவற்றிலேயே பிரியமானதை இவருக்காகக் கொடுத்திருக்கிறாள். அதையே சாட்சியாக வைத்து இவர் அவள் வீட்டைப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறார். நெஞ்சு வலித்தது, மருந்து சாப்பிட்டால் போகிற வலி இல்லை. மனைவியைக் கொண்டுபோன அன்று வந்திருக்க வேண்டிய வலி, வழி தெரியாமல் சுற்றிவிட்டு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

"நான் பாப்பாகிட்ட சண்டை போடறேன். வீட்டுக்காரர்கிட்டயும் நானே பேசறேன். நீ போக வேண்டாம்" என்றார்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஆட்டத்துல நான் சரிதான்டா. அது தெரியும். ஆனா நீ அப்படிச் சொன்னேன்னு கேட்டதுலேர்ந்து, படி இறங்கினவ திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கறேன். அடுப்பு அணைஞ்சிருக்கறதைக் கண்ணால பார்த்துட்டு வந்து உட்கார்றேன், உட்கார்ந்ததும் மறுபடி போறேன். முன்னாடி இப்படி இல்லை. வேற யார் சொல்லியிருந்தாலும் போ வேலையைப் பாருன்னு இருப்பேன். சொன்னது நீ."

நான் சொன்னது தப்பு என்று மறுபடி சொன்னார். தெரியும்டா என்றாள் அவள். தெரிந்து என்ன பிரயோஜனம் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

ஞாயிறன்று சாமான் ஏற்றினார்கள். மெஷினை அடுத்த தெருத் தையல்காரருக்குக் கொடுத்தாகிவிட்டது; அதன் மேஜையை அவர் வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது இவர்கள் பொறுப்பு. கீழ்ப்பக்கத்தை லென்ஸ்காரர் பிடித்துப் பின்புறமாகப் படி இறங்கினார், மேல்பக்கத்தைப் பாப்பா பிடித்தாள். கதவைப் பூட்டிவிட்டு அக்கா பையோடு பின்னால் வந்தாள். பாதி மாடி இறங்கியதும் நின்றாள்.

"கொஞ்சம் இருங்க, வந்துடறேன்."

பூட்டியாச்சும்மா, நான் பார்த்தேன் என்றாள் பாப்பா. அக்கா அதற்குள் ஏறிப் போய்விட்டாள். மேலே பூட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. காலடி வந்தது, நின்றது, திரும்பிப் போனது. மறுபடி பூட்டுச் சத்தம்.

லென்ஸ்காரர் அழுதார். இரண்டு கையிலும் மேஜை இருந்ததால் முகத்தைத் துடைக்க வழியில்லை. பாப்பா அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வருத்தப்படாதீங்க மாமா. அன்னிக்கு நீங்க சொன்னப்போ எனக்கே முழுசா நம்பிக்கை வரலை. நீங்க சொன்னது சரிதான்."